நண்பருக்காகக் கேட்ட சுவீகாரச் சந்தேகம்

இன்று சிவகங்கையில் வக்கீலிடம், "ஒரு நண்பருக்காகக் கேக்குறேன்" என்று ஆரம்பித்து, அடுத்த பேச்சிலேயே "என் மகன்" என்று உளறிவிட்டேன். அவர் காதில் விழாதது போலப் பேனாவைத் துடைத்தார். நல்ல மனுஷன்.

விஷயம் இதுதான். அப்பாவை எங்கள் பக்கம் கூப்பிடுகிறபடி 'அப்பச்சி, அப்பச்சி' என்று என் பின்னாலேயே திரிந்த இளையவனை, பிள்ளையில்லாத அண்ணனுக்குச் சுவீகாரம் கொடுத்தேன். பங்காளிகள் கூடியிருக்க, நானேதான் கையைப் பிடித்துக் கொடுத்தேன். விருந்தில் இரண்டாம் முறை பாயசம் கேட்டதும் நான்தான்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

"கொடுத்த பிள்ளையைத் திரும்ப வாங்க வழி உண்டுங்களா?"

"முறைப்படி கொடுத்துட்டா முடிஞ்சது. ரத்துப் பண்ணச் சட்டத்துல இடமில்லை. உங்க நண்பரோட அண்ணனே மனசு வச்சாலும் முடியாது."

"நண்பர் இனி என்ன செய்யணும்?"

"அவுகளை வீட்டுக்குப் போயி ஒருவாய் சாப்பிடச் சொல்லுங்க."

திரும்பி வந்து எங்கள் ஊர்ச் செக்காலையில் பஸ்ஸைவிட்டு இறங்கினால், அண்ணன் வாங்கித் தந்த புதுச் சைக்கிளில் அவனே எதிரே வருகிறான்.

"எங்குட்டுப் போயிட்டு வாரீக, சித்தப்பா?"

"ஒரு நண்பர் வேலையா, தம்பி."

இந்தத் தடவை உளறவில்லை. தேறிவிட்டேனா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். 'ஒரே ஒரு தடவை அப்பச்சின்னு கூப்பிடுடா' என்பது வாய்வரை வந்தும், நான் சொல்லவில்லை.