செண்பகவல்லி ஊதித் தள்ளிய சொத்தை விதைகள்

கிழக்கேகோட்டைப் பக்கம் சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக்கடையில் பத்து வருஷம் உளுந்து புடைத்துவிட்டு, 2003இல் எங்கள் தாவர ஆய்வுக்கூடத்துக்குத் தினக்கூலியாக வந்தவள் செண்பகவல்லி. அத்தை மகனைக் கட்டியவள். இரண்டு குழந்தைகளும் ஆறாம் மாதத்தில் வயிற்றிலேயே நின்றுபோயின. 'சொத்தை வயிறு' என்று பேர் வைத்துவிட்டாள் அந்த அத்தைக்காரி. டாக்டரிடம் போனதும் இவள் மட்டும்தான். "எனக்கு மட்டும் ஏன்க்கா?" என்று தினமும் என் உயிரை வாங்குவாள். டெக்னீஷியன் நான் என்னத்தைக் கண்டேன்!

ஒரு சனிக்கிழமை, ஆராய்ச்சி மாணவர் கைலாஷ் கடுகுக் குடும்பத்துச் செடி ஒன்றின் காய்ந்த காய்களைக் கொடுத்து, "விதையைப் பிரிச்சு வச்சிடுங்கோ சேச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவள் சாலைக்கடை வழக்கப்படி, லென்ஸை வைத்துச் சுருங்கியதையெல்லாம் பொறுக்கி உஃப்பென்று ஊதிவிட்டாள்.

திங்கட்கிழமை கைலாஷ் அலறினார். "நாலில் ஒண்ணு சுருங்கியிருக்கணுமே, எவிடே?"

"அது சொத்தைதானே சாரே? ஊதிக் களைஞ்சிட்டேன்."

அவர் எண்ண வேண்டியதே அந்தச் சொத்தையைத்தான். வேலை போச்சு என்று இவள் முகம் வெளுத்துவிட்டது. அவரோ கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார்.

"போகட்டும், மிச்சத்தை விதைக்கலாம். அதுல மூணில் ரெண்டுக்குள்ள அந்தக் குறை ஒளிஞ்சிருக்கும்."

"கண்ணு நோகப் பொறுக்கின நல்ல விதையாக்கும்! அதுல எப்பிடி சாரே சொத்தை?"

அவர் படம் போட்டார். புரோட்டீன் கைனேஸ் என்று ஒன்றாம்; கரு வளர வளரச் செல்லுக்குள் சேதி கடத்துமாம். அதைச் செய்யும் மரபணு ஆண்பக்கம் மகரந்தத்திலிருந்து ஒன்று, பெண்பக்கம் சூலிலிருந்து ஒன்று வருமாம். ஒன்று கெட்டால் வெளியே தெரியாது. இரண்டுமே கெட்டால் கரு பாதியில் நின்றுவிடும். எனக்கே தலை சுற்றியது.

செண்பகவல்லி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ சூலு மட்டும் காரணமில்லியா?"

"இல்லே சேச்சி. ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வரணும்."

"எனக்கும் அப்பிடியா சாரே?"

கைலாஷ் தடுமாறிப் போனார். "எனக்குச் செடிதான் தெரியும். மனுஷாளுக்குக் காரணம் வேறயாவும் இருக்கலாம். டாக்டர் ரெண்டு பேரையும் பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும்."

"ரெண்டு பேரையுமா?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் இதை அவளிடம் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லையே! என்னையும் சேர்த்துத்தான்.

மறுநாள் அவள் லீவு. கிழக்கேகோட்டை ஸ்டாப்பில் மெடிக்கல் காலேஜ் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்த்தேன். பக்கத்தில் தலையைப் படிய வாரிக்கொண்டு அவள் கணவர். ஆஸ்பத்திரி ஃபைல் இந்தத் தடவை அவர் கையில் இருந்தது.