அரிசி டின்னும் ஐயரின் நெஞ்செரிச்சலும்

மருந்து கலப்பது கம்பவுண்டர் வேலையில் பாதிதான். அதை வாங்கிப் போனவர் என்ன செய்தார் என்று விசாரித்துத் தலையில் கை வைத்துக்கொள்வது மறுபாதி. பவானிபூரில் ஒரு வங்காளி டாக்டரிடம் நெடுங்காலம் அந்த வேலை பார்த்தேன். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நெஞ்செரிச்சல். மனைவி போன பிறகு என் சமையலை நானே சாப்பிட்டு, நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டேன்.

எட்டு வேளை

சணல் கம்பெனி குமாஸ்தா சாம்பசிவ ஐயருக்குப் பத்து வருஷத்து எரிச்சல். இப்போது சாதம் நெஞ்சில் அடைக்கிறது என்று வந்தார். டாக்டர் என்னைத் தனியே அழைத்து, "புளிப்பு மேலே வந்து வந்து உணவுக்குழாய் புண்ணாகிச் சுருங்குகிறது. இப்படியே விட்டால் தண்ணீர்கூட இறங்காது" என்றார்.

புட்டியில் காகிதப் பட்டை ஒட்டி, எட்டு வேளைக்கு எட்டுக் கோடு போட்டு, நாலு நாளைக்கு மருந்து கொடுத்தேன். மறுநாளே காலிப் புட்டியோடு வந்து நின்றார்.

"நாலு நாள் சீக்காளியா இருக்க எனக்கு லீவு கிடையாது, ஓய்!"

பத்தியம்

புளியை விடச் சொன்னார் டாக்டர். ஒரு வாரம் கழித்து, விட்டாரா என்று கேட்டேன்.

"தொடவே இல்லை. எலுமிச்சம்பழ ரசம்தான் மூணு வேளையும்!"

இரண்டு செங்கல்

படுக்கும்போது புளிப்பு மேலே ஏறாமலிருக்க, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு மட்டும் செங்கல் வைத்து உயர்த்தச் சொன்னோம். எரிச்சல் குறையவில்லை. வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். பக்கத்து வங்காளி வீடுகளைப் போல நாலு கால்களுக்கும் செங்கல். கட்டிலுக்கு அடியில் அரிசி டின், அண்டா, ஊறுகாய் ஜாடி. சாமான் வைக்க இடம் கிடைத்ததில் ஐயர் வீட்டு மாமிக்குப் பெருமை தாங்கவில்லை. கால்மாட்டுக் கல்லை நான் உருவப் போனதும் பதறினாள்.

ஐயர் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குழைந்த சாதம்தான். இரண்டாவது கவளம் இறங்காமல், மார்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து முற்றத்துக்கு ஓடினார். மாமி அவர் போன திசையையே பார்த்தாள். பிறகு குனிந்து அண்டாவை வெளியே இழுத்தாள்.

"கல்லை எடுங்கோ அண்ணா. அரிசி டின் தெருவிலே கிடந்தாலும் கிடக்கட்டும்!"

ஆயுசு பரியந்தம்

ஆறு மாதம் ஆயிற்று, சாதம் தடையில்லாமல் இறங்க. இனி எல்லாம் பழையபடிதானே என்றார் ஐயர். டாக்டர் இல்லையென்று தலையை ஆட்டினார்: புளி, காப்பி, சாப்பிட்டவுடன் படுக்கை, மூன்றும் கூடாது, செங்கல்லை எடுக்கவே கூடாது, வீடு மாறினால் அதையும் கூடவே கொண்டு போக வேண்டும். ஐயர் என்னோடு வாசல் வரை வந்தார். அங்கே என் தோளைப் பிடித்தார்.

"கல்யாணத்திலேகூட என்னை இவ்வளவு கண்டிப்பா யாரும் கட்டிப்போடலே, ஓய்!"

இத்தனை வருஷத்தில் நெஞ்செரிச்சலை அடியோடு விரட்டி நான் பார்த்ததில்லை; அதனோடு சண்டை போடாமல் குடித்தனம் நடத்தியவர்கள்தான் பிழைத்தார்கள்.