ஆறாம் நம்பர் பஸ்ஸில் டூபாவுக்கு இடமில்லை

ஸ்டோனி ஃபோர்க் என்ற ஊரில் யார் வீட்டுக் கடிகாரமாவது நின்றுபோனால் பதறமாட்டார்கள். வெர்னா ஹலாஸ்கா ஓட்டும் மஞ்சள் பஸ் முனையில் திரும்புகிறதா என்று பார்த்து முள்ளைத் திருகி வைத்துக்கொள்வார்கள். பனி கொட்டினாலும் ஆறாம் நம்பர் பள்ளிப் பேருந்து வரவேண்டிய நேரத்துக்கு வந்துவிடும். பள்ளி வாசலில் பஸ்கள் மட்டும் நிற்கும் பாதைக்குள் ஒருமுறை தலைமையாசிரியர் தன் காரை விட்டுவிட்டார். அவரையே தெருவரைக்கும் பின்னால் எடுக்க வைத்தவள் அவள். இப்படிப்பட்ட ஒழுங்கோடு குடித்தனம் நடத்துவது லேசான காரியமா என்பதை அவள் கணவன் ஆர்லினைத்தான் கேட்கவேண்டும். முன்னாள் கணவன் என்று திருத்திக்கொள்கிறேன்.

ஆர்லின் பால் டேங்கர் ஓட்டுகிறவன். பண்ணை பண்ணையாகப் பால் எடுத்து ஊரிலுள்ள சீஸ் ஆலையில் கொண்டு சேர்ப்பது அவன் தொழில். எந்தப் பண்ணையில் காபி கொடுத்தாலும் உட்கார்ந்துவிடுவான். கேக்கும் கொடுத்தால் காலை நீட்டிவிடுவான். வெர்னாவின் அப்பாவை அடக்கம் செய்த அன்றுகூட, பெட்டி குழிக்குள் இறங்கிய பிறகுதான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். அன்றோடு விட்டுப்போயிற்று. அதற்குப் பிறகு ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. குறுகலான பாலத்தில் பஸ்ஸும் டேங்கரும் எதிரெதிரே வந்தால் அவன் தொப்பியைத் தொடுவான். அவள் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஏதோ அவசரமாகப் பார்ப்பாள்.

அந்த ஊர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வந்துவிட்டால் பேண்டு வாத்தியக் குழுவில் சேரலாம். செப்டம்பரில் ஒரு மாலை உடற்பயிற்சிக் கூடத்தில் வாத்தியங்களை மேஜைமேல் பரப்பி வைப்பார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்துத் தங்களுக்கானதைப் பிடித்துக்கொள்வார்கள். ஊருக்குள் இருக்கிற பிள்ளைகள் எதை வேண்டுமானாலும் எடுத்தார்கள். ஆறாம் நம்பர் பஸ்ஸில் வரும் பண்ணைப் பிள்ளைகள் மட்டும் பேசி வைத்தாற்போலப் புல்லாங்குழலையும் கிளாரினெட்டையுமே எடுத்தார்கள். புதிதாக வந்த இசை ஆசிரியை மிஸ் லுண்டீனுக்கு இது விளங்கவில்லை. அலுவலகத்தில் விசாரித்தாள்.

"பஸ் விதி" என்றார்கள். மடியில் அடங்காத எதுவும் பஸ்ஸில் ஏறக்கூடாது. பள்ளி விடுகிற நேரத்தில்தான் பண்ணைகளில் பால் கறக்க ஆரம்பிப்பார்கள். மாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வாத்தியத்துக்காகக் கார் எடுத்துக்கொண்டு எந்த அப்பா வருவார்?

அந்த வருஷம் கஸ் ப்ரோசெக்கின் மகள் மார்லா வரிசையில் நின்றாள். இரண்டு மேய்ச்சல் நிலம் தாண்டியிருக்கிற மாட்டைக் குரல் கொடுத்தே வரவைக்கிற பெண். புல்லாங்குழலில் ஊதினாள், காற்றுதான் வந்தது. கிளாரினெட்டில் ஊதினாள், பன்றிக்குட்டியின் வாலை மிதித்ததுபோல ஒன்று வந்தது. கடைசி மேஜையில் டூபா இருந்தது. வாய் அகன்ற, வயிறு பெருத்த பித்தளை வாத்தியம். இருக்கிறதிலேயே பெரியது, இருக்கிறதிலேயே அடிக்குரல். மார்லா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு விட்டாள். சுவரில் சாய்த்து வைத்திருந்த இரும்பு நாற்காலிகள் கிடுகிடுவென்று அதிர்ந்தன. கஸ் வாய்விட்டுச் சிரித்தான். மார்லா சிரிக்கவில்லை. கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்ட முகத்தோடு நின்றாள்.

மறுநாள் மாலை டூபாவைப் பெட்டியோடு இழுத்துக்கொண்டு பஸ் வாசலுக்கு வந்தாள்.

"மார்லா, அது என்ன?"

"டூபா, மிஸ் வெர்னா."

"மடியில அடங்குமா?"

"அடங்கும்." விடுவிடுவென்று ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்து பெட்டியை மடியில் ஏற்றிக்கொண்டாள். பெட்டிக்கு அடியில் இரண்டு காலணிகள் மட்டும் தெரிந்தன.

"எங்கடி உன்னைக் காணோம்?"

"இங்கதான் இருக்கேன்" என்று பெட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. பஸ்ஸே கொல்லென்று சிரித்தது.

"எறக்கு" என்றாள் வெர்னா.

மிஸ் லுண்டீன் ஓடிவந்தாள். "இதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகலைன்னா அக்டோபர் கடைசியில வேற வாத்தியத்துக்கு மாத்தணும்ங்க. அதுதான் பள்ளிக்கூட நடைமுறை. மிச்சம் இருக்கிறது குச்சியால தட்டுற இரும்பு முக்கோணம் ஒண்ணுதான். இந்தப் பொண்ணைப் போய் டிங்குன்னு தட்ட வைக்கச் சொல்றீங்களா?"

"விதி விதிதாங்க" என்று கதவைச் சாத்தினாள் வெர்னா. டூபா பள்ளியிலேயே நின்றுவிட்டது. மார்லா ஜன்னல் கண்ணாடியில் உதட்டை வைத்து ப்பூம், ப்பூம் என்று ஊதிக்கொண்டே வந்தாள். டூபா இல்லாமல் டூபா பழகினாள். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாள் வெர்னா ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தன் தொண்டையும் அதே ப்பூமுக்கு ஒத்து முனகிக்கொண்டிருப்பதைக் கவனித்தாள்.

அவளும் இதே பஸ்ஸில் போய்வந்த பண்ணைப் பிள்ளைதான். பத்து வயதில் இதே கூடத்தில் ஒரு டூபாவை ஊதிவிட்டு, இதே போலப் பஸ் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவள். அப்போதைய ஓட்டுநரும் விதி விதிதான் என்றார். புல்லாங்குழல் ஒன்றைக் கொடுத்தார்கள். அது கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. எனக்கொன்றும் வருத்தமில்லை என்று அன்றைக்குச் சொன்னதையே இத்தனை வருஷமும் சொல்லி வந்தாள். வருத்தம் இருந்தது. அதற்காக விதியை மீறுகிற ஜாதியும் அவள் இல்லை. யோசித்துப் பார்த்ததில் ப்ரோசெக் பண்ணைக்குள் போய், அதே கையோடு ஊருக்கு வருகிற வண்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை ஓட்டுகிறவன் ஆர்லின்.

சீஸ் ஆலை முற்றத்தில் ஆர்லின் டேங்கர் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் வருவதைப் பார்த்ததும் குழாய் கைநழுவி அவன் பூட்ஸையே நனைத்தது.

"யாராவது செத்துட்டாங்களா?"

"செத்தா உனக்கு எதுக்குச் சொல்லணும்? எப்படியும் புதைச்சப்புறம்தானே வருவே."

ஆர்லின் தலையைக் குனிந்துகொண்டான். "அதுவும் சரிதான்."

"ஒரு உதவி வேணும்." பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னாள். "ப்ரோசெக் வீட்டுல பால் எடுக்கறேல்ல, அங்கேருந்து ஒரு டூபாவையும் எடுத்துட்டு வந்து பள்ளிக்கூடத்துல விடணும். சாயங்காலம் நீ காலி வண்டியோட திரும்பறப்ப வீட்டுல சேர்த்துடணும்."

"டூபாவா? உனக்கா?"

"எனக்கு எதுக்கு? கஸ் பொண்ணுக்கு."

"இல்ல, பாத்திரம் கழுவும்போது நீ பாடுவியே, அதான் கேட்டேன். ஒரு பாட்டுலயும் மேல்பாட்டு வராது. அடியில போற ப்பூம் ப்பூம் மட்டும்தான் வரும். குடித்தனம் பண்ணின நாள் பூரா கேட்டேன். அது என்ன பாட்டுன்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியவே இல்ல."

இதையெல்லாம் இவன் கேட்டுக்கொண்டிருந்தான் என்று வெர்னாவுக்குத் தெரியாது. காதுவரைக்கும் சிவந்துபோனாள். "கொண்டாருவியா, மாட்டியா?"

"கொண்டாறேன்."

"நேரத்துக்கு?"

"பாக்கறேன்."

"பாக்க வேண்டாம். நேரத்துக்கு வா."

"சரி தாயே" என்றான் ஆர்லின்.

அப்படித்தான் அந்த டூபா பால் டேங்கரில், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில், சீட் பெல்ட் போட்டுக்கொண்டு ஊருக்குள் போய்வர ஆரம்பித்தது. பால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுப்பார்கள்; ஆகவே மார்லாவின் பாடமும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றாயிற்று. இசை வகுப்பின் கால அட்டவணையைப் பசுமாடுகள் தீர்மானிக்கிற பள்ளிக்கூடம் உலகத்தில் வேறெங்காவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆர்லின் பாதி நாள் தாமதம்தான். பாடம் முடியப்போகும் நேரத்தில் வாயில் கேக் துணுக்கோடு வந்து இறங்குவான். வெர்னா அவனைப் பிடிபிடியென்று பிடிப்பாள். ஒன்பது வருஷப் பேச்சையும் சேர்த்துப் பேசினார்கள் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். அதற்குள் அக்டோபர் முடிந்தது, டூபா மார்லாவிடமே இருந்தது. "மொதல்ல மாடுங்க மிரண்டுச்சு. இப்ப இவ தொழுவத்துல உட்கார்ந்து ஊதினாத்தான் மடியே சுரக்குது" என்று கஸ் எல்லாரிடமும் பெருமையடித்தான்.

டிசம்பரில் முதல் கச்சேரி. மதியம் இரண்டு மணி. அன்று பால் நாள். முந்தின இரவு பிடித்த பனி காலையிலும் விடவில்லை.

வெர்னா ப்ரோசெக் வீட்டு முன் பஸ்ஸை நிறுத்தினாள். மார்லா வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையுமாக நின்றாள். பின்னால் தொழுவ வாசலில் டூபாப் பெட்டி தயாராக இருந்தது. டேங்கர் வந்து போன தடமே இல்லை. கஸ்ஸின் கார் பனிக்குள் புதைந்து கிடந்தது.

"மிஸ் வெர்னா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும்…"

வெர்னா பெட்டியைப் பார்த்தாள். பஸ் முழுக்கப் பிள்ளைகள். நடைபாதையை அடைத்துக்கொண்டு பெட்டி, வெளியே வழுக்குகிற சாலை. அந்த விதியை எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"ஆர்லின் வருவான்" என்றாள்.

"வரலைன்னா?"

"வருவான்னு சொல்றேன்ல. ஏறு."

சொல்லிவிட்டாளே தவிர, ஊர் போய்ச் சேரும்வரை பக்கவாட்டுக் கண்ணாடியில் டேங்கரையே தேடிக்கொண்டிருந்தாள். அந்த மனுஷனை நம்பி அவள் கெட்டது போதாதா? இப்போது ஒரு குழந்தையையும் சேர்த்துக் கெடுக்கிறோமோ என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

இரண்டு மணிக்குக் கூடம் நிரம்பியது. முதல் பாட்டு ஆரம்பித்தது. கிளாரினெட்டுகள் கீச்சிட்டன, புல்லாங்குழல்கள் எப்படியோ ஒரே நேரத்தில் முடித்தன. மார்லா கடைசி வரிசையில் வெறும் மடியோடு உட்கார்ந்திருந்தாள். வெர்னா உள்ளே இருக்கமுடியாமல் வாசலில் பனியில் போய் நின்றாள். பள்ளி விடும் நேரத்துக்காக மற்ற பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து பாதையை அடைக்கத் தொடங்கியிருந்தன. உள்ளே இரண்டாவது பாட்டும் முடிந்து கைதட்டல் கேட்டது.

அப்போது தெருமுனையில் டேங்கரின் முகப்பு விளக்கு தெரிந்தது. வெர்னா பாதையின் நடுவில் பாய்ந்து இரண்டு கையையும் விரித்து நின்றாள். நான்காம் நம்பர் பஸ் கிறீச்சென்று நின்றது. "ஏ வெர்னா, பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று அதன் ஓட்டுநர் கத்தினார்.

"பின்னால போ!" என்று வெர்னா அதைவிட உரக்கக் கத்தினாள். "பால் வண்டிக்கு வழி விடு!"

தலைமையாசிரியரின் காருக்கே இடமில்லாத அந்தப் பாதையில் பால் டேங்கர் புகையும் ஆவியுமாக வந்து நின்றது. ஆர்லின் குதித்தான். "இன்னிக்கு ஒரு வீட்டுலயும் காபி குடிக்கலே, வெர்னா. கஸ் பொண்டாட்டி ஆப்பிள் கேக் வெச்சிருந்தா. சத்தியமா தொடலே."

"பேசாதே, தூக்கு!"

ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் ஓடினார்கள். கூடத்துக் கதவு திறந்ததும் எல்லாத் தலைகளும் திரும்பின. மிஸ் லுண்டீன் தூக்கிய கையை அப்படியே அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு, மார்லா டூபாவை மடியில் ஏற்றி உதட்டை வைக்கிறவரைக்கும் காத்திருந்தாள். பிறகு கையை இறக்கினாள்.

கடைசிப் பாட்டு. பிள்ளைகள் அதுவரை கற்றிருந்த அதே ஐந்து ஸ்வரங்கள், அதே கீச்சல்கள். ஆனால் அடியில் ப்பூம் என்று ஒன்று வந்து எல்லாவற்றையும் தோளில் தூக்கிக்கொண்டது. பிள்ளைகளின் முதுகு தானாக நிமிர்ந்தது. அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கல்யாணத்துக்குக் கல்யாணம் போல்கா நடனம் ஆடி வளர்ந்த ஜனங்கள். டூபா சத்தம் கேட்டால் அவர்கள் காலைக் கட்டிவைக்க முடியாது. முதலில் ஒரு பூட்ஸ் தட்டியது, பிறகு ஒரு வரிசை தட்டியது, பிறகு கூடமே தட்டியது. பாட்டு முடிந்ததும் இன்னொரு தடவை என்று கத்தினார்கள். மறுபடியும் வாசித்தார்கள். அப்படியும் விடாமல் மூன்றாம் தடவையும் வாசிக்க வைத்தார்கள். டேங்கரிலேயே டூபாவோடு இடுங்கி உட்கார்ந்து வந்திருந்த கஸ் தொழுவ உடுப்போடேயே நாற்காலிமேல் ஏறி நின்று, "என் பொண்ணு! அது என் பொண்ணு!" என்று கூவினான். வெர்னா கதவோரம் நின்று வெட்கமில்லாமல் அழுதாள். ஆர்லின் தன் அழுக்குக் கைக்குட்டையை நீட்டினான், அவள் அதை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த செப்டம்பர் வந்தது. கடைசி மேஜையில், டூபாவுக்கும் அதன் தம்பி தங்கை வாத்தியங்களுக்கும் முன்னால், ஆறாம் நம்பர் பஸ் பிள்ளைகளின் வரிசை நீண்டது. "நான் வெச்சிருக்கறது பால் வண்டி, பேண்டு வண்டி இல்ல" என்று ஆர்லின் அலுத்துக்கொண்டான். அலுப்பில் சந்தோஷம் வழிந்தது. வரிசை நகர்ந்து நகர்ந்து முடிந்தபோது, கடைசியில் ஓட்டுநர் கோட்டோடு வெர்னா நின்றிருந்தாள்.

"மிஸ் வெர்னா, நீங்களும் அஞ்சாங்கிளாஸா?" என்று ஒரு வாண்டு கேட்டது.

"பெயிலாகிக் கெடக்கேன். நகர்ந்து நில்லு."

டூபாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வருஷக்கணக்காகச் சேர்த்துவைத்த மூச்சையெல்லாம் விட்டாள். இரும்பு நாற்காலிகள் அதிர்ந்தன. பேசிக்கொண்டிருந்த தாய்மார்கள் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். மார்லா கைதட்டினாள்.

"காலை டிரிப்புக்கும் சாயங்கால டிரிப்புக்கும் நடுவுல நீங்க சும்மாதானே இருக்கீங்க, பிள்ளைங்களோடயே பாடத்துக்கு வந்துடுங்க" என்றாள் மிஸ் லுண்டீன். பிறகு முகம் மாறியது. "ஆனா வீட்டுல பழகணுமே. எப்படிக் கொண்டுபோவீங்க?"

வெர்னா ஜன்னல் வழியே வெளியே நின்ற தன் பஸ்ஸைப் பார்த்தாள். அவள் வீட்டுக்குப் போவது ஆறாம் நம்பர் பஸ்ஸில்தான். ராத்திரி அது அவள் வீட்டு முற்றத்திலேயே நிற்கும். வேறு வண்டி அவளுக்கு இல்லை.

கதவில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த ஆர்லின் நிதானமாகச் சொன்னான்: "மடியில அடங்காதே, வெர்னா. விதி விதிதானே?"

"இளிக்காதே. வண்டியை எடு."

"உன் வீட்டுக்கா?"

"பின்னே யார் வீட்டுக்கு?"

ஆர்லின் காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டு ஓடினான்.