பொட்டு வைத்த அச்சு

ஈயம் உருகுவதற்கு முன்னால் அதில் ஒட்டியிருக்கும் கிரீஸ் கருகி ஒரு நாற்றம் வரும்; அது மூக்கில் ஏறியதுமே நான் கொல்லைக் கதவுக்கு உள்ளே போய் நின்றுகொள்வேன், அடுப்பருகே உட்கார்ந்திருக்கும் அப்பா என்னைப் பார்த்துச் சிரிப்பார். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையில் அப்பாவுக்குப் பஞ்சர் கடை. சக்கரம் ஆடாமல் ஓடுவதற்காக ரிம்மின் ஓரத்தில் பொருத்தும் சின்ன ஈயத் துண்டுகளில் கழன்று வீணானவற்றையெல்லாம் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்து, தூண்டிலுக்குக் "குண்டு" ஊற்றுவார். ஞாயிற்றுக்கிழமையானால் அவருக்குக் காவிரிதான். அந்த ஆற்று இழுப்பில் கனமான குண்டு கட்டாவிட்டால் முள் அடிக்கு இறங்காது. கட்டினாலோ பாறை இடுக்கில் சிக்கி அறுந்துபோகும். "உங்கப்பா மீன் புடிக்கவா போறாரு, ஆத்துக்கு மொய் வெக்கப் போறாரு" என்பாள் அம்மா.

அச்சு என்பது இரண்டு நாட்டுச் செங்கல்தான். ஒன்றோடு ஒன்று தேய்த்துச் சமமாக்கி, ஆணியால் இரண்டிலும் பாதிப் பாதியாகக் குழி குடைந்து, மேலே ஒரு வாய் வைத்து, கம்பியால் இறுக்கிக் கட்டியிருப்பார். ஈயம் மூன்று கல் அடுப்பில் பழைய இரும்பு வாணலியில் உருகும். சாம்பல் நிறத்தில் கிடந்த துண்டுகள் திடீரென்று கால் மடங்கியவைபோலச் சரிந்து, பளபளவென்று ஒன்றாகிவிடும். அதன்மேல் பாலுக்குப் படிவதுபோல ஓர் "ஆடை" படியும். கொதிப்பதோ குமிழி விடுவதோ கிடையாது. அப்படிச் சத்தமில்லாமல் கிடப்பதுதான் எனக்குப் பயம். பல்லிக்கும் பயப்படுகிற பிள்ளை என்று என்னைக் கேலி செய்கிற அப்பாவே அந்த வாணலியின் முன்னால் மட்டும் விளையாட்டுப் பேச்சை நிறுத்திவிடுவார். அச்சை அடுப்போரத்தில் வைத்து, கை வைக்க முடியாத சூடு ஏறும்வரை திருப்பித் திருப்பிக் காய்ச்சுவார். "ஈயம் தண்ணியப் பாத்துச்சுன்னா சும்மா இருக்காது கண்ணு" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு அம்மா வீட்டில் இருந்த சாமான் அத்தனையையும் கழுவினாள். எங்கள் பக்கம் அன்றைக்கு அரிவாள்மணையிலிருந்து சைக்கிள் பம்பு வரை எதுவும் தப்பாது. அப்பா கடையைக் கழுவப் போயிருந்த நேரத்தில் அம்மா அச்சையும் வாளித் தண்ணீரில் முக்கி, தேங்காய் நாரால் கரி போகத் தேய்த்து, சந்தனம் தடவிக் குங்குமம் வைத்துச் சாமி படத்தின் கீழே அடுக்கினாள். மறுநாள் விஜயதசமி. வைத்த ஆயுதத்தை எடுத்து அன்றைக்குத் தொழிலைத் தொடங்கிவிட வேண்டும் என்பதற்காக அப்பா ஒரே ஒரு குண்டு ஊற்ற உட்கார்ந்தார். வழக்கம்போல் அச்சை அடுப்போரம் நகர்த்தினார்.

"ஏங்க, பொட்டு வெச்சதப் போயி நெருப்புல காட்டாதீங்க. நாளும் கெழமையுமா" என்றாள் அம்மா.

அப்பா அச்சைத் தடவிப் பார்த்தார். மேலே காய்ந்துதான் இருந்தது; செங்கல் உள்ளே குடித்திருந்த தண்ணீர் கைக்குத் தெரியவில்லை. நல்ல நாளில் எதற்கு வாக்குவாதம் என்று நினைத்தாரோ என்னவோ, "சரி, உன் இஷ்டம்" என்று கரண்டியில் ஈயத்தை மொண்டு அச்சின் வாயில் சாய்த்தார்.

வெடி வெடித்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது. உள்ளே போன ஈயம் மேலே பீறிட்டுத் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். அப்பா அலறவில்லை, "சாமி" என்று மட்டும் சொல்லி, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விரல்களுக்கு நடுவே இமைமேல் ஏதோ மினுங்கியது. "நான்தான கழுவுனேன், நான்தான கழுவுனேன்" என்று அம்மா புலம்பியபடியே அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

வீட்டில் நானும், இன்னும் எரிந்துகொண்டிருந்த அடுப்பும், அதன்மேல் மீதி ஈயமும் இருந்தோம். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு முனியம்மாக்கா, நெருப்பை அணைக்கக் குடத்துத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நேரே அடுப்பை நோக்கிப் போனார். எங்கிருந்து எனக்குத் தைரியம் வந்ததோ, கதவைவிட்டு ஓடிப்போய்க் குடத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். "தண்ணி வேணாங்க்கா, மண்ணு போடுங்க, மண்ணு போடுங்க" என்று அழுதேன். அவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டு மண்ணை அள்ளிப் போட்டார். ஈயம் இறுகிய பிறகும் அது எப்போது வேண்டுமானாலும் எழுந்து பாயும் என்றே எனக்குத் தோன்றியது.

அப்பா கண்ணில் கட்டோடு மறுநாள் வந்தார். கடைசி நொடியில் கண்ணை மூடிவிட்டதால் பார்வை தப்பியது. ஆனால் இமை வெந்து சுருங்கிவிட்டது. அதன்பின் தூங்கும்போது அந்தக் கண் முழுதாக மூடவே இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் படுத்திருக்கையில் அந்த இடுக்கில் வெள்ளை விழி தெரியும். அவர் செத்துப்போய்விட்டாரோ என்று பயந்து, மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். அம்மாவும் அதையே செய்வதை ஒருநாள் பார்த்தேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அம்மா ஒரு சாமானையும் தொடவில்லை. சந்தனக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்பா புதிதாகச் செய்த அச்சைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"இந்தா, பொட்டு வெய்யி. அடுப்புல நான் காட்டிக்கறேன்."

அம்மா வெகுநேரம் அழுதாள். பிறகு பொட்டு வைத்தாள்.

இப்போது பென்னாகரத்துக் கடையிலேயே குண்டு பிளாஸ்டிக் பொட்டலத்தில் தொங்குகிறது; அடுப்பும் கரியும் யாருக்கும் தேவையில்லை. பஞ்சர் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. அப்பா போய் இரண்டு வருடமாகிறது. கிடத்தியிருந்தபோதும் அந்தக் கண் மூடவில்லை, எடுக்கும்வரை அம்மா தன் உள்ளங்கையால் அதை மூடியபடியே உட்கார்ந்திருந்தாள்.

சென்ற ஆயுத பூஜைக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா பரணிலிருந்து அச்சை இறக்கச் சொன்னாள். தண்ணீரில் நனைக்காமல் உலர்ந்த துணியால் துடைத்து, பொட்டு வைத்து, கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, இடுக்கியால் பிடித்து அதைத் தீயில் திருப்பித் திருப்பிக் காட்டினாள். குங்குமம் கருகியது. அதில் ஈயம் ஊற்ற வீட்டில் இனி யாரும் இல்லை என்று நான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அதற்குள் என் கால்கள் தாமாகவே கதவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றிருந்தன.

"இன்னும் கொஞ்சம் காயட்டும்" என்றாள் அம்மா.