டீ குடிக்காமல் வந்த ஊர்

எழுதிப் பழக்கமில்லாதவள், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவிடம் நேரில் சொல்ல வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன். அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் அப்பாவுக்குக் கொஞ்ச நாளாக நெஞ்சு இறுக்குகிறது. வாயு என்று சோடா குடித்துவிடுகிறார். அந்தக் கவலையோடுதான் போன வாரம் எங்கள் ஆய்வகக் குழுவுடன் உத்திரமேரூர் பக்கம் ரத்த மாதிரி எடுக்கப் போனேன்.

செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். ஒரு மணி நேரம். ஏரி தளும்பிக் கிடந்தது. அங்கிருந்து கிராமத்துக்கு ஷேர் ஆட்டோ.

நாங்கள் தேடியது இயற்கை ஆன்டிபாடிகளை. தடுப்பூசியோ நோயோ தூண்டாமலே ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் புரதங்கள். கெட்டுப்போன கொழுப்புத் துணுக்குகளைப் பிடித்து, ரத்தக்குழாய்ச் சுவரில் படியாமல் அகற்ற உதவுகின்றன என்று கருதுகிறார்கள், இன்னும் முடிவாகவில்லை. யாரும் ஏவாமலே நடக்கும் அந்த வேலையை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்காது.

கொழுப்பும் அளக்க வேண்டும் என்பதால் வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தோம். நடவுக்குப் போகும் பெண்கள் வரிசையில் நின்றார்கள். முதலில் சரோஜா அக்கா.

"சாப்டீங்களாக்கா?"

"இல்லம்மா. டீ மட்டுந்தான்."

எல்லாருமே டீ குடித்திருந்தார்கள். அங்கே டீ சாப்பாட்டுக் கணக்கில் வராது.

"இன்னாத்துக்குமா மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கீற? நாளைக்கி டீ இல்லாம வரோம். நீயும் குடிக்கக் கூடாது, ஆமா!" என்றார் சரோஜா அக்கா.

மறுநாள் ஒருவர் விடாமல் வந்தார்கள். நானும் குடிக்கவில்லை. அக்காவுடன் அவர் கணவரும் வந்தார், டிராக்டர் ஓட்டுபவர். கையை நீட்டியபடியே, "மேடு ஏறுனா நெஞ்ச அடைக்குது. வாயுதான்" என்றார்.

"நாலு மாசமா நெஞ்சுல குடியிருக்குது, வாடகையாவது குடுத்துதா அந்த வாயு?" என்றார் அக்கா.

எங்கள் குழுவோடு வந்திருந்த டாக்டர் உடனே ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, இப்போதே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். "உழவு வேலய முடிச்சிட்டுப் போறேன்" என்று அவர் எழுந்தார்.

அக்கா டிராக்டர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "சாவி எங்கிட்ட கீது. ஏறுய்யா ஆட்டோல."

ஏறினார். ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தது, சரிசெய்துவிட்டார்கள். அக்காவின் அந்தக் குரல் என் காதிலேயே இருக்கிறது.

இப்படி முகாம் நடத்தப் போகிறவர்கள் டீயும் கூடாது என்று தனியாகச் சொல்லுங்கள். ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா, தங்கச்சி இதைப் படித்துக் காட்டுவாள். நாளைக்கு ஆலைக்குப் போகாதீர்கள். முதல் பஸ்ஸில் வருகிறேன், என்னோடு ஆஸ்பத்திரிக்கு வாங்க. ஈசிஜிக்கு வெறும் வயிறு வேண்டாம். டீ குடித்துவிட்டே கிளம்பலாம்.