கேட்காமல் அள்ளிய மண்

துடியலூரில் மோட்டார் காயில் சுற்றும் பட்டறைக்குப் போய்வரும் மாசாணியம்மாளுக்கு உடம்பில் ஒரு கோளாறும் கிடையாது. பக்கத்து வீட்டு வெங்கடலட்சுமியின் கீரைப் பாத்தியைப் பார்த்தால் மட்டும் வயிறு எரியும். அதற்கான மாத்திரை எந்த மருந்துக் கடையிலும் இல்லை.

அந்த அரைக்கீரை ஆளைப் பார்த்துச் சிரிக்கும். இவள் வீட்டு மொட்டைமாடித் தொட்டியிலும் அதே விதைதான், அதே குழாய்த் தண்ணீர்தான். கீரை மட்டும் பரீட்சையில் கோட்டைவிட்ட பையன் மாதிரி தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். போதாக்குறைக்கு இவளுடைய மூன்று வயது மகள் ரித்திகா, அம்மா கடைந்த கீரையைத் துப்பிவிட்டு வெங்கடலட்சுமி ஊட்டும் கீரைப் பப்புக்கு ஓடுவாள். பெற்றவளுக்கு எப்படி இருக்கும்?

கீரைக்கு என்ன போடுகிறாள் என்று கேட்கலாம். கேட்டால் மானம் போய்விடுமே. எல்லாம் மண் வாகு என்று தானே முடிவு கட்டிக்கொண்டாள்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. செடியைக் கேட்டு வாங்கி நட்டால் பிடிக்காது. கேட்காமல் ஒடித்து வந்து நட்டால்தான் தழைக்கும். ஒடிப்பது கண்ணில் பட்டாலும் செடிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வது மரியாதை. கிளைக்கு உள்ள சட்டம் மண்ணுக்கும் உண்டு என்று மாசாணியம்மாள் தீர்ப்பு எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் வெங்கடலட்சுமி தையல் மிஷினில் குனிந்திருக்க, பாத்தி மண் சட்டி சட்டியாக மாடி ஏறியது.

கீரை அப்போதும் தேறவில்லை. ரித்திகாவுக்குத்தான் அந்தக் கறுத்த மண் பிடித்துப்போனது. விரலால் தோண்டுவாள், அதே விரலை வாயில் வைப்பாள்.

ஒருநாள் கல்லூரிப் பிள்ளைகள் தெருவில் சில வீடுகளில் சோதனைக்கு மண் எடுத்துப் போனார்கள். அவர்கள் திரும்பி வந்து வெங்கடலட்சுமியிடம் சொன்னது, மதிலோரம் நின்றவளுக்கு நன்றாகவே கேட்டது. வீடு கட்டுவதற்கு முன் அந்த இடத்தில் பழைய பேட்டரி உடைக்கும் கொட்டகை இருந்ததாம். மண்ணில் ஈயம் இறங்கிக் கிடக்கிறதாம். அந்தக் கீரையைத் தின்னக் கூடாது. சின்னப் பிள்ளைகள் அந்த மண்ணைத் தொடவே கூடாது. வாய்வழியே போனால் ரத்தம் குறையும், மூளை மந்தப்படும், வெளியில் ஒன்றும் தெரியாது.

மாசாணியம்மாளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அது சிரிப்பாக உதட்டுக்கு வருவதற்குள் மாடித் தொட்டி நினைவுக்கு வந்தது. ஓடினாள். கறுத்த விரலைச் சப்பிக்கொண்டு ரித்திகா தொட்டியோரம் உட்கார்ந்திருந்தாள்.

கையையும் வாயையும் தேய்த்துக் கழுவி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினால், கீழே வெங்கடலட்சுமி செருப்பு மாட்டி, பை எடுத்துத் தயாராக நிற்கிறாள்.

"ஏனம்மணி, எங்கூட்டு மண்ண அள்ளிட்டுப் போனியே, அதத் திரும்பி வந்து சாக்குல கட்டிப்போடலாம். மொதல்ல பாப்பாவுக்கு ரத்தம் பாக்கோணும், வா."

"உங்களுக்குத் தெரியுங்களாக்கா?"

"நீ வாரப்பல்லாம் மிஷின்ல குனிஞ்சுக்குவேன். பாத்துப்போட்டா உனக்குத் தழைக்காதுல்ல. நானாச்சும் எதுக்குன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கோணும். போதாததுக்குப் பப்பு வேற ஊட்டிப்போட்டேன்."

மாசாணியம்மாள் பிள்ளையோடு அவள் பின்னால் நடந்தாள். ஆஸ்பத்திரியில் ஊசியைக் கண்டதும் ரித்திகா அம்மாவை விட்டு வெங்கடலட்சுமியின் கழுத்துக்குத் தாவினாள். அந்த நேரத்திலும் வயிறு எரிந்தது.

ரத்தத்தில் ஈயம் இருந்தது. ஊசி மருந்து போடும் அளவுக்கு இல்லை. மண்ணை விட்டு விலக்கி, சத்தாகக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டர். மறுபடி பார்த்தபோது அளவு இறங்கியிருந்தது. அன்றுதான் மாசாணியம்மாள் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

அதற்குள் வெங்கடலட்சுமி பாத்தியைச் சிமெண்டு போட்டு மூடியிருந்தாள். இரண்டு வீட்டிலும் புதுத் தொட்டி, ஒரே கடையில் வாங்கிய தென்னைநார்த் தூள், தொழுவுரம். அப்படியும் வெங்கடலட்சுமியின் கீரைதான் சிரித்தது. மாசாணியம்மாள் மதிலோரம் போனாள். மானம் போனால் போகட்டும் என்று கேட்டேவிட்டாள்.

"ஏனுங்க்கா, அப்படி என்னதாங்க போடறீங்க?"

"கடலைப்புண்ணாக்கு ஊறவெச்ச தண்ணி, அம்மணி. வேறென்ன?"

அடுத்த மாதம் மாசாணியம்மாள் தன் தொட்டியில் பறித்துக் கடைந்த கீரையில் ரித்திகா பாதியைத் துப்பினாள். பாதி உள்ளே போனது.