தறி ஷெட்டில் நாலு லேன்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மீசை முளைத்த ஆள் ஒருவன் பொம்மைக் கார் ஓட்டிய கதையை யார் உட்கார்ந்து படிப்பார்கள்? அதுவும் போக, பேனாவைவிட ஸ்க்ரூ டிரைவர்தான் என் கையில் ஒழுங்காக நிற்கும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எங்கள் ஊர் டீக்கடையில் ஆளுக்கொரு கதை ஓடுகிறது. ஒரு கதையில் நான் சூதாட்டம் நடத்தியிருக்கிறேன். இன்னொன்றில் சினிமா ஷூட்டிங். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களை ஏன் ஷெட்டில் உட்கார வைத்தோம் என்று பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம் கேட்டபோது, சரி, நானே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

எங்கள் ஊர் கருமத்தம்பட்டி. அப்பா தறி ஓட்டுகிறார். வீட்டை ஒட்டிப் பெரிய ஷெட், அதற்குப் பின்னால் சின்ன ஷெட். சின்ன ஷெட்டில் இருந்த பழைய தறிகளைப் போன வருடம் கழற்றி விற்றுவிட்டோம். நான் பாலிடெக்னிக் படித்தேன், பாலிடெக்னிக் போதும் என்று சொல்லும்வரை. இப்போது எங்கள் லோடு ஆட்டோவில் நூல் ஏற்றி வருவதும் துணி கொண்டுபோய் இறக்குவதும் என் வேலை.

போத்தனூரில் என் நண்பன் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். கிணற்று மோட்டாரும் மிக்ஸியும்தான் அவனிடம் வரும். ஒரு நாள் பல் டாக்டர் ஒருவர் கட்டைவிரல் அளவில் ஒரு மோட்டாரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"இது எந்தப் பம்புக்குங்க டாக்டர்?" என்று கேட்டான் நண்பன்.

"பம்பு இல்லீங்க. காரு."

அப்படித்தான் ஆரம்பித்தது. டாக்டரும் அவருடைய சிநேகிதர்களும் கோவையில் ஒரு அபார்ட்மெண்ட் மாடி ஹாலில் கிளப் வைத்து ஸ்லாட் கார் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய மேசைபோல ஒரு பலகை. அதில் வளைந்து வளைந்து நான்கு பள்ளக் கோடுகள், ஒரு காருக்கு ஒரு கோடு. அதைத்தான் லேன் என்பார்கள். கோட்டின் இரண்டு பக்கமும் செம்புப் பட்டை, அதில் கரண்ட். உள்ளங்கை நீளக் காரின் அடியில் ஒரு முனை அந்தக் கோட்டுக்குள் இறங்கியிருக்கும். ஸ்டீயரிங் கிடையாது. கையில் இருக்கும் விசையை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். வளைவில் அதிகம் அழுத்தினால் கோட்டை விட்டுப் பறந்துவிடும். கேட்க எளிதாக இருந்தது. நான் முதன்முதலில் ஓட்டிய கார் டாக்டரின் டீ டம்ளருக்குள் போய் உட்கார்ந்தது.

"தம்பிக்கு வேகம் புடிக்கும்போல" என்றார், டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு.

எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று நானும் நண்பனும் சின்ன ஷெட்டில் பலகையைப் போட்டோம். கோட்டை வெட்டுவது ஒரு வேலை என்றால், செம்புப் பட்டையைச் சுருக்கமில்லாமல் ஒட்டுவது பத்து வேலை. வாரக் கடைசிகள் எல்லாம் அதிலேயே போயின. கடைசி வளைவுக்கு வந்தபோது பெயிண்ட் தீர்ந்துவிட்டது. அப்புறம் அடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். மற்றபடி நல்ல ட்ராக். அதன் நேர் ரோடு, ஷெட்டின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரைக்கும் போகும். டாக்டரின் ட்ராக்கில்கூட அத்தனை நீளம் கிடையாது.

அந்த நேரம் பார்த்து, அபார்ட்மெண்ட்காரர்கள் ஹாலைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கிளப் இடம் தேடியது. எங்கள் ஷெட்டுக்கு வாருங்கள் என்று நான் வாயை விட்டேன். அப்பாவும் அதே வாரம் வாயை விட்டிருந்தார்.

"அவிநாசிக்காரரு ஒருத்தரு தறி போட எடம் கேட்டாரு. சின்ன ஷெட்டுல போட்டுக்கங்கன்னு வாக்குக் குடுத்துப்போட்டேன்."

"ஏனுங்ப்பா, அங்கதான ட்ராக் இருக்குது."

"பலகைதான? கழட்டுனா கழண்டு வரும்."

இரண்டு நாள் அவருடன் பேசாமல் இருந்து பார்த்தேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. பிறகு அம்மா நடுவில் புகுந்து ஒரு வழி செய்தாள். அப்பா சொன்னது இதுதான். "ஒருக்கா ரேஸ் நடத்திக்க. வந்தவிங்க மறுக்கா இங்கயே வாரம்னு அவிங்க வாயால சொன்னா, அப்பப் பாக்கலாம். இல்லீனா அடுத்த நாளே பலகையக் கழட்டிப்போடோணும்."

ஆக, என்னிடம் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அன்று காலை லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போத்தனூர் போய் நண்பனையும் அவன் கடையில் சரிசெய்த, ட்ராக்குக்கான கரண்ட் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு வந்தேன். ஷெட்டுக்குள் கால் வைத்ததுமே மூக்கில் ஏறியது, தறி எண்ணெய் வாசம். அப்பா ட்ராக் பக்கத்தில் எண்ணெய் கேனோடு நின்றிருந்தார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

"ஏனுங்ப்பா, என்ன வாசம் இது?"

"எண்ணெதான். கார் ஓடறப்ப கரகரன்னு சத்தம் வருதில்ல. ஒறம்பரைன்னு நாலு பேரு வாரப்ப அப்படிச் சத்தம் வந்தா நல்லாவா இருக்கும்? நாலு கோட்டுக்கும் போட்டு உட்டுட்டேன்."

கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. எங்கள் ஊரில் காலையில் எழுந்தவுடன் ஓடுகிற சாமானுக்கெல்லாம் எண்ணெய் போடுவார்கள். ஒரு வேளை தவறினால் தறி கோபித்துக்கொள்ளும். அப்பாவின் கணக்கில் இதுவும் ஓடுகிற சாமான். ஆனால் ஸ்லாட் காருக்கு எண்ணெய்தான் எமன். டயருக்குப் பிடிமானம் போய்விடும், செம்பிலிருந்து கரண்டும் சரியாக ஏறாது.

நண்பன் ட்ராக்கை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு என் காதருகில் வந்தான். "மாப்ள, காருக்கு எண்ணெ போடுவாங்க, இஞ்சினுக்குப் போடுவாங்க. ரோட்டுக்கே போட்ட மொத ஆளு உங்கப்பாதான்டா."

ஒரு காரை வைத்து அழுத்தினேன். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. பிறகு கார் எருமைபோல ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது.

"போன் போட்டு கரண்டு இல்லீன்னு சொல்லீரலாம்" என்றான் நண்பன்.

"அவிங்க இன்னேரம் பாதி வழி வந்திருப்பாங்க. துணிய எடு."

துணிக்கு எங்கள் வீட்டில் என்ன பஞ்சம். வேஸ்ட் துணி ஒரு மூட்டை, பெயிண்டுக்கு வாங்கிய தின்னர் ஒரு கேன். மேல்பக்கத்தை நான் துடைத்தேன். ஹேக்ஸா பிளேடில் துணியைச் சுற்றிக் கோட்டுக்குள் விட்டு இழுத்துக்கொண்டே போனான் நண்பன். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு வந்து ஒரு பிளேடை எடுத்தார்.

மூன்று லேன் சுத்தமானது. நாலாவது ஆகவில்லை. கேன் நிறைந்திருந்தபோது அப்பா ஆரம்பித்த லேன் அது. அதிலும் பெயிண்ட் அடிக்காமல் விட்ட கடைசி வளைவில் பலகை எண்ணெயை நன்றாகக் குடித்திருந்தது. துடைக்கத் துடைக்கக் கசிந்தது.

அப்போதுதான் வெளியே கார்கள் வந்து நிற்கும் சத்தம். டாக்டர் உள்ளே வந்தார். கூடவே அந்தக் கிளப்பின் கறாரான ஆள், மில் வைத்திருப்பவர், நாங்கள் மில் அண்ணன் என்போம். பெட்டியில் வெல்வெட் துணிக்குள் கார்களை அடுக்கி, கைக்குழந்தைபோல எடுத்து வருவார். பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

"என்னங்க தம்பி, பெயிண்டு அடிச்சீங்களா?" என்று மூக்கை உறிஞ்சினார் டாக்டர்.

நான் ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

"எண்ணெங்க. நான்தான் போட்டுட்டனுங்க. தறி நெனப்புல போட்டுட்டேன். பையன் மேல ஒண்ணுமில்லீங்க."

மில் அண்ணன் குனிந்து நாலாவது லேனை விரலால் தொட்டார். விரலை முகர்ந்தார். "நம்ம டயரெல்லாம் ஸ்பாஞ்சுங்க. எண்ணெ பட்டா அவ்வளவுதான். இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாங்களா?"

இன்னொரு நாள் என்பது எனக்குக் கிடையாது. அப்பா அந்தப் பக்கம் திரும்பித் துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, உங்க ரூல் என்னுங்க?" என்றேன். "ஆளுக்கு நாலு லேன்லயும் ஓட்டித்தான் கணக்கு. அப்ப நாலாவது எனக்கும் வரும், உங்களுக்கும் வரும். ஆளப் பாத்தா எண்ணெ வழுக்குது?"

"அது செரீங்க. டயரு?"

"மொதல்ல நான் என்னோட காரை உட்டு ஓட்டறேன். நாலாவதுல ஒரு சுத்து உழுகாம வந்தா ரேஸு. உழுந்தா அரிசிம்பருப்பு சாதம் ஆயிட்டிருக்குது, சாப்பிட்டுட்டுக் கெளம்பிக்கலாம்."

டாக்டர் தலையாட்டினார். காரை வைத்தேன். விசையை அழுத்தினேன் என்று சொல்ல முடியாது, தொட்டேன். கார் நகர்ந்தது. அவ்வளவு நீள நேர் ரோட்டில் வேகம் எடுக்க விரல் துடித்தது, எடுக்கவில்லை. கடைசி வளைவில் பின்பக்கம் மெதுவாக வெளியே போனது. விரலை எடுத்தேன், நின்றது. மறுபடி தொட்டேன். பின்னாலிருந்து நண்பன் குரல் கொடுத்தான்.

"மாப்ள, எறங்கித் தள்ளட்டுமா?"

கார் சுற்றை முடித்து, கிளம்பிய இடத்துக்கே வந்து நின்றது. மில் அண்ணன் பெட்டியைத் திறந்தார்.

ரேஸ் ஓட்டாதவர்கள் வளைவுக்கு ஒருவராக நின்று, விழும் கார்களை எடுத்துக் கோட்டில் வைக்க வேண்டும். மார்ஷல் என்பார்கள். எதிராளியின் காராக இருந்தாலும் முதலில் விழுந்ததை முதலில் வைக்க வேண்டும், அதுதான் முறை. கடைசி வளைவில் நான் நிற்கிறேன் என்று அப்பா போய் நின்றுகொண்டார். நான் பண்ணினதுதானே என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. முறையை இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தேன். தலையாட்டினார்.

என் முறை வந்தபோது நான் இரண்டாவது லேனில், மில் அண்ணன் நாலாவதில். கடைசி வளைவில் முதலில் விழுந்தது என் கார். அடுத்த நொடி அவருடையது.

"அப்பா, நம்முளுது."

"இரு சாமி, வந்தவிங்க மொதல்ல போகட்டும்."

அப்பா, மில் அண்ணனின் காரைத் துடைத்து வைத்து, போங்கங்க என்று சொல்லி அனுப்பிவிட்டுத்தான் என் காருக்கு வந்தார். அடுத்த சுற்றிலும் அதேதான். என்னுடையது மல்லாக்கக் கிடக்கும். அப்பா மில் அண்ணன் காரிடம், "பரவால்லீங்க, பைய போங்க, அவசரமில்லீங்க" என்பார். மூன்றாவது தடவை விழுந்தபோது மில் அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விசையில் வைத்த விரல் எங்கோ போய், இன்னொரு தடவையும் விழுந்தார். டாக்டர் முதலில் வந்தார். என் நண்பன் இரண்டாவது. என் ஊரில், என் ஷெட்டில், என் ட்ராக்கில் நான் கடைசி.

சாப்பிடும்போது டாக்டர் அப்பாவிடம்தான் கேட்டார், என்னிடம் அல்ல. "அடுத்த மாசமும் இங்கயே வெச்சுக்கலாங்களா?"

"ஆமாங்க, அந்தக் கடைசி வளைவ மட்டும் மாத்திப்போட்டா ஆச்சு" என்றார் மில் அண்ணன்.

அப்பா அவர் இலையில் நெய் ஊற்றினார். எல்லோரும் கிளம்பும்போது அப்பா கேட் வரைக்கும் போனார். கும்பிட்டார். "அடுத்த மாசம் வாங்க. கண்டிப்பா வரோணும்" என்று அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

திரும்பி வந்து ஷெட்டில் நின்றார்.

"அவிநாசிக்காரருக்குக் குடுத்த வாக்க மாத்த முடியாது சாமி."

"அப்ப இவிங்களுக்குச் சொன்னதுங்க?"

"அதையும் மாத்த முடியாது."

சாக்பீஸை எடுத்தார். ஷெட்டின் நடுவில் குறுக்காகத் தரையில் ஒரு கோடு இழுத்தார். அந்தப் பக்கம் தறிக்கு, இந்தப் பக்கம் எனக்கு. கோடு எங்கள் நேர் ரோட்டுக்கு அடியில் சரியாகப் பாதியில் போனது.

கெஞ்சலாம் என்று நினைத்தேன். அம்மாவைக் கூப்பிடலாம் என்றும் நினைத்தேன். பிறகு பலகைக்கு அடியில் குனிந்து, எந்த இணைப்பில் அறுத்தால் செம்பு சேதமாகாது என்று பார்த்தேன். நேர் ரோடு பாதியானால் அந்த இடத்தில் புதிதாக ஒரு வளைவு வர வேண்டும். பக்கத்தில் தறி ஓடினால் பலகை அதிரும், காலுக்கு ரப்பர் வைக்க வேண்டும். பஞ்சு பறந்து கோட்டுக்குள் விழும், ஒரு தடுப்பு கட்ட வேண்டும். கடைசி வளைவை எப்படியும் பிரித்துப் புதுப் பலகை போட்டாக வேண்டும், இந்தத் தடவை பெயிண்டோடு. ரேஸுக்கு நான்கு வாரம்கூட முழுதாக இல்லை.

நண்பனுக்கு மெசேஜ் போட்டேன். ட்ராக் நிக்குது மாப்ள, ஆனா ஷெட்டுல பாதிதான், நேர் ரோட்ட அறுத்துத்தான் ஆகோணும் என்று.

அவன் பதில் உடனே வந்தது: "நாளைக்குக் கடைய மூடிப்போட்டு ரம்பத்தோட வாரேன்."